வேர்க்கடலை கொத்தமல்லிச் சட்னி: அரைக்கும் வரிசைதான் எல்லாம்

தேங்காய் விலை ஏறும்போதுதான் பல வீடுகளில் வேர்க்கடலை ஞாபகத்துக்கு வருகிறது. அரை மூடித் தேங்காய்க்குப் பதிலாக இரண்டு கைப்பிடி கடலையைப் போட்டு அரைத்து ஒப்பேற்றுகிறார்கள். விலை இறங்கியதும் கடலை டப்பா மறுபடியும் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. வேர்க்கடலையும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சேர்ந்த சட்னி எதற்கும் மாற்று அல்ல. வறுத்த மணமும் பச்சை வாசமும் ஒன்றையொன்று அமுக்காமல் ஒரே வாயில் வந்து சேர்வது இந்தச் சட்னியில்தான். தேங்காயால் அது முடியாது.

ஆனால் அப்படி வந்து சேர்வது அபூர்வமாகத்தான் நடக்கிறது. கல்யாணப் பந்திகளிலும் ஓட்டல்களிலும் கிடைப்பது பெரும்பாலும் மங்கிய பச்சையில், மாவு மாவாக, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு விழுது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடலைச் சட்னி என்றால் இவ்வளவுதான் என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெடுவது பொருளால் அல்ல. கடலை, மிளகாய், தழை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஜாரில் கொட்டி ஓடவிடுவதால்தான் கெடுகிறது. கடலைக்கு நெருப்பும் நேரமும் வேண்டும். கொத்தமல்லிக்கு இரண்டுமே ஆகாது. இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் இரண்டும் வீணாகும்.

நான் பிறந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர்ப் பக்கம். எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்து, ஐப்பசி வாக்கில் பிடுங்குவார்கள். செடி மஞ்சளாகப் பூக்கும். பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி இறங்கி மண்ணுக்குள் புகும். அதன் நுனிதான் மண்ணுக்குள்ளே காயாகத் திரளும். விழுது இறங்கும் காலத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள், காய் பொக்கு விழாமல் இருக்க. பிடுங்கிய செடியை வரப்பில் குவித்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். அந்த ஈரக் காயை அப்படியே உப்புப் போட்டு வேகவைத்துத் தின்போம். சட்னிக்கு அது உதவாது. சட்னிக்கு வேண்டியது நன்றாகக் காய்ந்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கிற காய்.

இந்தப் பகுதிக்கும் கடலைக்கும் உள்ள உறவு சாதாரணமானது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் ஆர்க்காட்டில் விளைந்த கடலை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற ரகம் தமிழ்நாட்டைத் தாண்டிப் பல மாநிலங்களில் பல தலைமுறைகளாகப் பயிரானது. குடியாத்தம் கொத்துக் கடலை என்று நம் பக்கத்து விவசாயிகள் வைத்திருந்த விதையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. சிறிய பருப்பு, மெல்லிய ரோஜா நிறத் தோல். சட்னிக்கு நான் இன்றும் தேடுவது இந்த மாதிரிச் சின்னப் பருப்பைத்தான். விரல் நுனி அளவுக்குப் பருத்த பருப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வறுக்கும்போது வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும்.

கடையில் வறுத்து, தோல் நீக்கி, பாக்கெட்டில் போட்ட கடலையை இதற்கு வாங்காதீர்கள். அது என்றைக்கு வறுத்தது என்று தெரியாது. வேர்க்கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். வறுத்தபின் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறிப்போகும். முகர்ந்தால் உடனே தெரியாது. சட்னியில் சேர்ந்து நாக்கின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். பச்சைக் கடலையை வாங்கி அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வறுப்பதுதான் சரி.

வறுப்பதற்கு முன் ஒரு தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் படிந்தது, தோலுக்கு அடியில் நிறம் மாறியது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் ஒரு பூஞ்சை அதை உண்டாக்குகிறது. வறுத்தால் அது முழுக்கப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அது முழுதாக அடங்காது. எங்கள் அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் முறத்தில் கடலையைப் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கெட்டதை ஒவ்வொன்றாகச் சுண்டியெறிந்த பிறகுதான் சட்டியை அடுப்பில் வைப்பார்.

வறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கனமான இரும்புச் சட்டி நல்லது. தெருவில் தள்ளுவண்டிக்காரர் மணலில் வறுக்கிறாரே, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது: சூடான மணல் கடலையை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்வதால் ஒரு பக்கம் தீயாமல் சீராக வறுபடுகிறது. வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பைப் போடலாம். ஒரு கைப்பிடி கல்லுப்பைச் சட்டியில் நன்றாகச் சூடாக்கி, அதில் கடலையைப் போட்டுக் கிளறினால் வித்தியாசம் தெரியும். கடைசியில் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். அதே உப்பு அடுத்த முறைக்கும் ஆகும். உப்பு இல்லாமல் வெறும் சட்டியில் வறுப்பதாக இருந்தாலும் தீ சிறியதாகத்தான் இருக்க வேண்டும். 100 கிராம் கடலைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோலில் கரும்புள்ளி விழும். உள்ளே மொச்சைக்கொட்டை வாசம் போகாது.

முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. பிறகு ஈர வாசம் ஒன்று எழும்பும், பச்சைப் பயறு வேகிற மாதிரி. அது அடங்கிய பின் தோல் இறுகிப் பளபளப்பு போய்விடும். அங்கங்கே பட், பட் என்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பலர் இறக்கிவிடுகிறார்கள். அப்போது இறக்கக் கூடாது. ஒரு கடலையை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்பக்கம் பால்வெள்ளையாக இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. இளம் சந்தன நிறம் வந்ததும் உடனே இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். கடலைக்குள் இருக்கும் சூடே அதை இன்னும் ஒரு படி சிவக்க வைக்கும். சட்டியிலேயே முழு நிறத்துக்குக் காத்திருந்தால் தட்டில் ஆறும்போது கசந்துவிடும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இந்த மணத்தையும் நிறத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் பிரெஞ்சுக்காரரான மயார் இதை விளக்கினார். தோசை முறுகுவதும் ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினைதான். வேகவைத்த கடலையில் இந்த மணம் ஒருபோதும் வராததற்குக் காரணம், தண்ணீர் கொதிக்கும் சூடு இந்த வினைக்குப் போதாது.

ஆறிய கடலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்து, பருப்பு இரண்டிரண்டாகப் பிளந்து நிற்கும். தோலில் துவர்ப்பு உண்டு. சிவப்புச் சட்னிக்கு அந்தத் துவர்ப்பு பொருந்தும். கொத்தமல்லியோடு சேரும்போது நிறத்தையும் கெடுக்கும், நாக்கையும் கட்டும். ஆகவே முழுக்க நீக்கிவிடுவது என் வழக்கம். ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பாதகமில்லை.

மிக முக்கியமானது, கடலை முழுதாக ஆற வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது அரைத்தால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். சட்னி மேலண்ணத்தில் ஒட்டுவது இதனால்தான்.

இனி கொத்தமல்லி. நான்கு பேருக்கு நடுத்தரமான ஒரு கட்டு போதும். இலை சிறியதாக, காம்பு மெல்லியதாக, வேரோடு இருக்கும் நாட்டுக் கொத்தமல்லி கிடைத்தால் விடாதீர்கள். பெரிய இலையாக, வாளிப்பாக வருவதில் வாசம் பாதிதான். சித்திரை, வைகாசியில் விலையும் ஏறும், தழையும் வதங்கியே வரும்; அந்த மாதங்களில் இந்தச் சட்னியை நான் அவ்வளவாக அரைப்பதில்லை. வேரை மட்டும் கிள்ளிவிட்டுக் காம்பை வைத்துக்கொள்ளுங்கள். காம்பில்தான் வாசம் கெட்டியாக இருக்கிறது. இலையை மட்டும் ஆய்ந்து காம்பைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, தழையை முக்கி அலசி, அப்படியே கையால் மேலே அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து வடிகட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடியும் தழை மேலேயே விழும். அலசியதைத் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள்.

புதினாவும் சேர்க்கலாம். கொத்தமல்லியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் கசப்பும் பல்பொடி வாசமும் வந்து கடலையை மறைத்துவிடும்.

கொத்தமல்லியை வதக்குகிறவர்கள் உண்டு. இந்தச் சட்னியில் நான் அதற்கு எதிர்க்கட்சி. தழையின் வாசம் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்களில் இருக்கிறது. அவை எளிதில் ஆவியாகிவிடுபவை. எண்ணெயில் பிரட்டினால் சமையலறை முழுக்க மணக்கும். மணப்பதெல்லாம் சட்டியை விட்டுப் போய்க்கொண்டிருப்பது என்று பொருள். வதக்கிய மல்லித் துவையல் வேறு ஒரு பண்டம்; சுடுசோற்றுக்கு அது அருமையாக இருக்கும். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு வாசமாகத் தெரியும். என் நாத்தனாருக்கு அப்படித்தான். பல வருடங்களாக அவளைப் பிடிவாதக்காரி என்றே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் வாசனையை உணரும் மரபணு ஒன்றில் உள்ள மாறுதலோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது என்று 2012-இல் ஆய்வு வெளிவந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. அவளுக்காக அரைக்கும்போது தழையை முதலில் நன்றாக நசுக்கிச் சிறிது நேரம் அப்படியே வைத்துவிடுகிறேன். நசுங்கிய இலையில் உள்ள நொதிகள் அந்த ஆல்டிஹைடுகளை மாற்றிவிடுவதால் கூர்மை குறைகிறது. இப்போது இரண்டு இட்லிக்கு அவளும் தொட்டுக்கொள்கிறாள்.

மிளகாயில் தயக்கம் காட்ட வேண்டாம். பொட்டுக்கடலைச் சட்னிக்கு மூன்று போதும் என்றால் இதற்கு ஆறு வேண்டும். காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கடலை எண்ணெய் அதை உள்வாங்கிக்கொள்வதால் காரம் நாக்கில் பட்டதும் சுரீர் என்று ஏறுவதில்லை. கொஞ்சம் பொறுத்துத் தொண்டையில் மெல்லப் பரவி அங்கேயே நிற்கிறது. எனக்கு இந்தச் சட்னியில் மிகவும் பிடித்தது இந்தத் தாமதம்தான். காரம் குறைய வேண்டுமென்றால் விதையை உதறினால் மட்டும் போதாது. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பைக் கீறி எடுக்க வேண்டும். காரம் உற்பத்தியாவது அங்கேதான். மிளகாயைக் கீறிவிட்டு, அரைக் கரண்டி கடலை எண்ணெயில், தோலில் வெள்ளைக் கொப்புளம் கிளம்பும் வரை வதக்குங்கள். கீறாமல் போட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். அதே எண்ணெயில் மூன்று பல் பூண்டும் சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சியும் ஒரு பிரட்டு. வெங்காயம் போடுவதில்லை, அதன் இனிப்பு இங்கே இடைஞ்சல்.

அரைக்கும் வரிசைக்கு வருகிறேன். அம்மியில் அரைத்த காலத்தில் இந்த வரிசையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கல்லே சொல்லிக்கொடுத்தது. அம்மியின் நடுவில் முதலில் கல்லுப்பும் மிளகாயும். உப்புக்கல்லின் சொரசொரப்பில் மிளகாய்த் தோல் சீக்கிரம் மசியும். பிறகு பூண்டு, இஞ்சி, புளி. அதன் மேல் கடலை. தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குழவியை முன்னும் பின்னும் இழுக்க இழுக்கக் கடலை முதலில் நொறுங்கும், பிறகு ரவையாகும், பிறகு மிளகாய் விழுதோடு கலந்து இளம்பச்சை ஏறும். தழை கடைசியில்தான். ஈரத் தழையை முதலிலேயே போட்டால் குழவிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. கடலை விழுது அதைப் பிடித்து நிறுத்தும். நாலைந்து இழுப்பு, அவ்வளவுதான். அம்மா வலது கையால் குழவியை நிறுத்திக்கொண்டு இடது உள்ளங்கையின் ஓரத்தால் சட்னியை வழித்தெடுப்பார். பாத்திரத்தில் விழும்போது பச்சைத் துணுக்குகள் தனித்தனியாகத் தெரியும். ஆனால் வாயில் போட்டால் எதுவும் தனியாக நிற்காது.

அம்மியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட முடியாது. மிக்ஸியில் முடியும். முடிவதால்தான் போடுகிறோம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவில் பல வீட்டு அம்மிகள் கொல்லைப்புறத்துக்குப் போயின. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அம்மி அரைத்து அரைத்துத் தோள்பட்டை தேய்ந்த பெண்களுக்கு அந்த இயந்திரம் பெரிய விடுதலை. விடியற்காலையில் வேலைக்குப் போகிற பெண்ணிடம் அம்மியின் பெருமையைப் பேசுவதில் நியாயமில்லை. அம்மி போகட்டும், அது வைத்திருந்த வரிசையை மட்டும் நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிக்ஸியில் அதை அப்படியே நகலெடுக்க முடியாது, ஏனென்றால் பிளேடு வேலை செய்யும் விதம் வேறு. நான் செய்வது இது. சின்ன ஜாரில் ஆறிய கடலையை மட்டும் தண்ணீரில்லாமல் போட்டு, விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று. ரவை பதம் வந்ததும் வெளியே எடுத்துவிடுகிறேன். ஒரு கரண்டி மட்டும் ஜாரிலேயே தங்கட்டும். இப்போது வதக்கிய மிளகாய், பூண்டு, இஞ்சி, கல்லுப்பு, சுண்டைக்காய் அளவு புளி எல்லாவற்றையும் சேர்த்து மைய அரைக்கிறேன். அடுத்து, கிள்ளிய தழையும் ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் கால் டம்ளரும். தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். பிளேடின் உராய்விலும் மோட்டார் சூட்டிலும் ஜார் சுடுவதைக் கையால் தொட்டாலே உணரலாம். அந்தச் சூடு தழையைப் பாதி வேகவைத்துவிடுகிறது. பத்து விநாடி, நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு இன்னொரு பத்து விநாடி. கடைசியாக, எடுத்து வைத்த கடலை ரவையைப் போட்டு ஒரே ஒரு சுற்று. அதற்குமேல் ஓட்டினால் கைக்கு வந்த பதம் போய்விடும்.

புளியைச் சுண்டைக்காய் அளவோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. இலையின் பச்சை நிறத்தைத் தருகிற குளோரோபில் புளிப்புப் பட்டால் நடுவில் உள்ள மக்னீசியத்தை இழந்து மங்கிய பழுப்புப் பச்சையாகிவிடும். சூடு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். காலையில் அரைத்த சட்னி பதினோரு மணிக்கு நிறம் மாறி இருப்பது இதனால்தான். இன்னும் புளிப்பு வேண்டும் என்பவர்கள் இலையில் பரிமாறும்போது எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளலாம். ஜாரில் பிழிய வேண்டாம்.

தாளிப்பது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கம். கடுகு வெடிக்காத சட்னி அவருக்குப் பாதிச் சட்னி. “தாளிக்காமல் இலையில் வைக்கலாமா அம்மா?” என்று இன்றும் கேட்பார். நான் தாளிப்பதில்லை. சுடச்சுட எண்ணெயைத் தழை மேல் கொட்டினால் அதுவரை குளிர்ச்சியில் காப்பாற்றியதெல்லாம் ஒரு நொடியில் போய்விடுகிறது. அதற்குப் பதில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைப் பச்சையாக ஒரு கரண்டி மேலே ஊற்றிக் கலக்காமல் விட்டுவிடுகிறேன். மாமியாருக்காகக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலையைத் தனியாகத் தாளித்து, ஆறவைத்து, அவர் பங்கில் மட்டும் சேர்க்கிறேன். ஆறிய தாளிப்பில் வாசம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் உளுத்தம்பருப்பு பல்லில் கடிபடுவதை நானும் ரசிக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். “வேர்க்கடலை பித்தம், தினமும் அரைக்காதே” என்பதும் அவர் சொல்வதுதான். வாரத்தில் இரண்டு நாளோடு அவரும் நானும் சமாதானமாகிவிட்டோம்.

நெருப்பு பட்ட பருப்பு, பச்சைத் தழை, மிளகாய் என்ற இந்தச் சேர்க்கை நம் பக்கம் மட்டும் பிறந்தது அல்ல. வேர்க்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அங்கே பெரு நாட்டின் அரெகிப்பா நகரத்தில் ஒகோபா என்று ஒரு குழம்பு இருக்கிறது: வறுத்த வேர்க்கடலை, காய்ந்த மஞ்சள் மிளகாய், வெங்காயம், பாலாடைக்கட்டி, அவற்றோடு உவகட்டாய் என்ற தழை. நம் செண்டுப்பூவின் இனத்தைச் சேர்ந்த செடி அது; நெடி பலமாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அதன் மேல் இதை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஜார்ஜியா நாட்டில் வால்நட்டையும் பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் அரைத்து, வேகவைத்த கீரையோடு பிசைந்து, மேலே மாதுளை முத்துகளைத் தூவி ப்கலி என்று பரிமாறுகிறார்கள். அங்கே வால்நட்டை வறுப்பதில்லை. அதன் எண்ணெய் சூட்டில் எளிதில் கெடும் வகை. பச்சையாக அரைத்தாலே அது கசிந்து வருகிறது. அவர்களும் தழையைப் பச்சையாகத்தான் சேர்க்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. வீட்டில் வால்நட் இருந்த ஒரு நாள் நம் பச்சை மிளகாயோடு அதை அரைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது, மென்மையாக, லேசான கசப்போடு. ஆனால் இட்லிக்கு அது தோதுப்படவில்லை. சப்பாத்திக்கு நன்றாகப் பொருந்தியது.

எதற்குத் தொட்டுக்கொள்வது என்பதிலும் எனக்குத் திட்டமான எண்ணம் உண்டு. இட்லிக்கும் தோசைக்கும் தாராளமாகச் சரி. ஆனால் இந்தச் சட்னிக்கு உண்மையான ஜோடி கம்பு தோசை. கம்பின் மண்வாசமும் லேசான கரகரப்பும் கடலை ரவையோடு சேரும்போது இரண்டுமே உயர்கின்றன. கேழ்வரகு அடைக்குக் கொஞ்சம் கெட்டியாக, தண்ணீர் குறைத்து. தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதிலாக ஓரத்தில் ஒரு உருண்டை வைத்துக்கொண்டால் அன்றைக்கு வேறெதுவும் தேவைப்படாது. ரவா உப்புமாவுக்கு வேண்டாம். இரண்டும் ரவை பதமாக இருப்பதால் வாயில் ஒன்றும் புரியாது.

அரைத்த சட்னி அரை மணி நேரத்தில் இறுகிவிடும். கடலை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அரைத்து முடித்ததும் வேண்டிய பதத்தைவிடச் சற்று நெகிழ்வாக விட்டுவிடுங்கள். பிறகு தண்ணீர் சேர்க்க நேர்ந்தால் குளிர்ந்த தண்ணீரே சேருங்கள். சூடாகச் சேர்த்தால் நிறம் போகும். பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே ஒருமுறை அது இல்லாமல் அரைத்துப் பாருங்கள். கடலையிலேயே போதிய கனம் இருக்கிறது. பொட்டுக்கடலை போட்டதும் எல்லாம் மாவு வாசமாகிவிடுகிறது.

ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும், வாசம் குறையும். மறுநாள் அதைச் சட்னியாகவே மறுபடி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. சின்னக் கத்தரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி, மீந்த சட்னியில் கொஞ்சம் மல்லித்தூளும் உப்பும் சேர்த்துப் பிசைந்து உள்ளே அடைத்து, நல்லெண்ணெயில் மூடிபோட்டுச் சிறு தீயில் வதக்குங்கள். காய் குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது இறக்கிவிடலாம். இந்த இடத்தில் தழை வேகட்டும், கவலையில்லை. அதன் பச்சை வாசத்தை நேற்றே சாப்பிட்டாயிற்று.